அடுத்த வீட்டுக் கோலத்தில் கை வைக்கலாமா?

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் உள்ள கம்பைநல்லூர். "வீட்டுல என்ன பண்றீங்க?" என்று யாராவது கேட்டால் "கதை திருத்தறேன்" என்பேன். "பரீட்சைப் பேப்பரா? டீச்சரா நீங்க?" என்பார்கள். இல்லை தோழிகளே! நான் திருத்துவது நாவலும் சிறுகதையும். அச்சுக்குப் போகும் முன் பிரதியைப் படித்து, பிழை களைந்து, முன்னுக்குப்பின் முரணாக இருப்பதைச் சுட்டிக்காட்டி அனுப்ப வேண்டும். எந்த ஆபீசிலும் சம்பளத்துக்கு இல்லை. பதிப்பகமோ எழுத்தாளரோ அனுப்புவதை வீட்டிலிருந்தே பார்த்துக் கொடுக்கிறேன். பக்கக் கணக்கில் கூலி.

"இதுல என்ன இருக்கு? நாலு எழுத்துப் பிழை பார்க்கணும், அவ்வளவுதானே" என்று நினைக்க வேண்டாம். 'வேலை கொடு' என்றால் செய்வதற்கு வேலை கேட்பது. நடுவில் ஒரு 'க்' விழுந்து 'வேலைக் கொடு' ஆனால், முருகன் கையில் இருக்கும் வேலைக் கேட்டதாகிவிடும்! 'தந்த பலகை' யாரோ கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில் செய்தது. ஒரே ஒரு ஒற்று, பொருளே மாறிப்போகிறது.

எழுத்துப் பிழையைவிடக் கதைக்குள் ஒளிந்திருக்கும் பிழைதான் சுவாரஸ்யம். மூன்றாம் அத்தியாயத்தில் ஐப்பசியில் கல்யாணம். ஆறாம் அத்தியாயத்தில், வந்த சித்திரையிலேயே நிறைமாசக் குழந்தை! எழுதியவர் கவனிக்கவில்லை. நாம் விடுவோமா? விரல் விட்டு எண்ணிவிட மாட்டோமா! அப்பாவின் தங்கை ஓரிடத்தில் அத்தை, இன்னோரிடத்தில் சித்தி. மார்கழிப் பனியில் கதாநாயகி மரத்தடியில் மாம்பழம் பொறுக்குகிறாள். மாந்தோப்பு நிறைந்த எங்கள் பக்கத்தில் இதைப் படித்தால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். இதற்காகவே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யார் யாருக்கு என்ன உறவு, என்ன வயசு, எந்த மாசம் என்ன நடந்தது என்று மளிகைக் கணக்குப் போல எழுதிக்கொண்டே வருவேன்.

ஒவ்வொரு பிரதியையும் மூன்று தடவை படிப்பது என் வழக்கம். முதல் தடவை கதைக்காக மட்டும், பேனாவைத் தொடமாட்டேன். இரண்டாவது, வரி வரியாக. மூன்றாவது, வாய்விட்டு. காதுக்கு இடறுகிற வாக்கியம் கண்ணுக்குத் தப்பியிருக்கும். சந்தேகம் வந்தால் நானாக மாற்றாமல் ஓரத்தில் கேள்வியாக எழுதிவிடுவேன். கம்ப்யூட்டரில் எழுத்துப்பிழை பார்க்க 'வாணி', சந்தி பார்க்க 'நாவி' என்று உதவிக்குக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் ஐப்பசிக்கும் சித்திரைக்கும் எத்தனை மாசம் என்று அவை கேட்பதில்லையே!

தமிழில் இந்த வேலைக்கு மதிப்புத் தேடித் தந்தவர்கள் உண்டு. 1974ல் தொடங்கிய 'க்ரியா' பதிப்பகத்தின் ராமகிருஷ்ணன், ஒரு பிரதியை எழுத்தாளரோடு உட்கார்ந்து பலமுறை செம்மை செய்தவர். 1992ல் அவர் கொண்டுவந்த 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' என் மேஜையில் எப்போதும் இருக்கும். அதன் மூன்றாம் பதிப்பு வந்த 2020லேயே அவரும் மறைந்துவிட்டார். நாகர்கோவிலில் வாழ்ந்த எம்.எஸ். என்கிற சிவசுப்பிரமணியன், நல்ல மொழிபெயர்ப்பாளர். பல எழுத்தாளர்களின் பிரதிகளை ஓசையில்லாமல் சீர்செய்து கொடுத்தவர். 2017ல் காலமானார். இவர்கள் திருத்தியது வாசகருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் இந்த வேலையின் அழகு.

எதைத் திருத்துவது என்பதைவிட எதைத் தொடாமல் விடுவது என்பதே பெரிய பாடம். எங்கள் மாவட்டத்துப் பெண் ஒருத்தி தன் முதல் நாவலில் பாத்திரங்களை "ஊட்டுக்குப் போறன்", "செவுத்துல மாட்டு" என்றே பேச வைத்திருந்தாள். பதிப்பகத்திலிருந்து, "எல்லாத்தையும் நல்ல தமிழாக்கிடுங்கம்மா" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கதை சொல்லும் இடத்தில் 'சுவற்றில்' என்றிருந்ததைச் 'சுவரில்' என்று மாற்றினேன். பேச்சில் கை வைக்கவில்லை. "களி கிண்டுறவ காலேஜ் வாத்தியார் மாதிரி பேசினா யார் நம்புவாங்க?" என்று எழுதிக் கேட்டேன். 1994ல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலை எடுத்துக்காட்டினேன். அதில் ஊருக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் தன் பேச்சைத்தானே பேசுகிறாள்? இரண்டு வாரம் இழுபறி. கடைசியில் சம்மதித்தார்கள். புத்தகம் வந்ததும் அந்தப் பெண் போன் செய்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அவள் அம்மா நாலு பக்கம் படித்துவிட்டு, "நம்ம பேச்சக்கூட புஸ்தகத்துல போடுவாங்களா?" என்று கேட்டாராம். எனக்குக் கூலியைவிட அது பெரிசாக இருந்தது.

அதற்காகக் கூலி வேண்டாம் என்று சொல்லவில்லை! "வீட்டுல சும்மாதானே இருக்கீங்க, மெதுவா வாங்கிக்கலாம்" என்று ஒரு பதிப்பகத்தில் ஐந்து மாசம் இழுத்தடித்தார்கள். சும்மா இருக்கிறவளா இராத்திரி பதினொரு மணிக்கு 'க்' போடுவதா வேண்டாமா என்று விழித்துக் கொண்டிருப்பாள்? அதிலிருந்து பாதிப் பணம் முன்பணமாக வந்தால்தான் பிரதியைத் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். பக்கத்துக்கு எவ்வளவு, எத்தனை நாள், எத்தனை தடவை பார்ப்பது எல்லாவற்றையும் முதலிலேயே எழுதி வாங்கிவிடுவேன். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்காகக் கார்த்திகை, மார்கழியில் வேலை குவியும். மற்ற மாசங்களில் கை காய்ந்துபோவதும் உண்டு. இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியும் என்று ஆசை காட்ட மாட்டேன். ஆனால் என் பெண்ணின் பரீட்சை ஃபீஸுக்கு யார் கையையும் எதிர்பார்க்கவில்லை.

கதைப் புத்தகம் கையில் எடுத்தால் அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாத தோழிகள் நம்மில் எத்தனை பேர்! "இது தப்பாச்சே" என்று படிக்கும்போதே உங்களுக்கு உறுத்துகிறதா? பள்ளிக்கூட இலக்கணப் புத்தகத்தைத் தூசி தட்டுங்கள். நல்ல அகராதி ஒன்று வாங்குங்கள். தெரிந்த எழுத்தாளர் ஒருவரின் ஒரு கதையைப் பார்த்துக் கொடுத்து ஆரம்பியுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அடுத்த வீட்டு வாசலில் போட்ட கோலத்தில் விட்டுப்போன புள்ளியை வைக்கலாம், அறுந்த இழையைச் சேர்க்கலாம். அழித்துவிட்டு நம் கோலத்தைப் போடக்கூடாது.

— ஒரு வாசகி, கம்பைநல்லூர்.