உங்களுக்குத் தெரியுமா? சிமென்ட் முற்றத்துக்கு ஏற்றது மண் தொட்டி

சிமென்ட் தளம் போட்ட முற்றம், பகலில் வாங்கிய வெயிலைப் பொழுது சாய்ந்த பிறகும் கக்கிக்கொண்டே இருக்கும். அங்கே பிளாஸ்டிக் தொட்டியைவிடச் சுட்ட மண் தொட்டிதான் நல்லது. அதன் நுண்துளைகள் வழியே கசியும் ஈரம் ஆவியாகி, வேர்ச்சூட்டைத் தணிக்கும். தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் படிவது, அப்படிக் கசிந்த நீர் விட்டுச்சென்ற உப்பு. அடியில் செங்கல் துண்டு வைத்துத் தூக்கிவிட்டால் தண்ணீர் தேங்காது. மண்கலவையில் தென்னை நார்க்கழிவு சேருங்கள். தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். கொளுத்தும் இடத்துக்குப் பத்துமணிப் பூவை அடித்துக்கொள்ள ஆளில்லை. சதைப்பற்றான இலையில் நீரைச் சேமித்து, வெயில் ஏறியபின்தான் மலரும். முடிந்தால் சுவரோரம் ஒரு முழ அகலத்துக்குத் தளத்தை உடைத்து மண்ணைத் திறந்துவிடுங்கள். மழைநீரும் நிலத்தில் இறங்கும், கொடி ஏற்றவும் இடம் கிடைக்கும்.