இரைப்பையில் குடியிருக்கும் கிருமி

ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது மனித இரைப்பையின் உட்சுவரில் வாழும் சுருள் வடிவப் பாக்டீரியா. 300 கிருமிகளை நீளவாக்கில் அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். உலக மக்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேரின் வயிற்றில் இது இருப்பதாக நெடுங்காலமாக மதிப்பிடப்பட்டு வந்திருக்கிறது. மனிதனோடு இதற்குள்ள உறவும் பழையது. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 5,300 ஆண்டுகளாகப் புதைந்திருந்த 'ஓட்ஸி' என்ற மனிதனின் இரைப்பையிலும் இதன் மரபணுத் தடயம் கிடைத்ததாக 2016இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே இது தொற்றிவிடுகிறது. எச்சில், வாந்தி, மலம் கலந்த நீர், கழுவாத கை ஆகியவையே இதன் வழிகள். நெருக்கமாக வாழும் குடும்பத்தில், குறிப்பாகத் தாயிடமிருந்து பிள்ளைக்கு எளிதில் பரவும். மருந்து கொடுத்து அழிக்காவிட்டால் பெரும்பாலானோரிடம் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும்.

இரைப்பையில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். இந்தக் கிருமி மட்டும் தப்புவதற்குக் காரணம், அது ஏராளமாக உண்டாக்கும் யூரியேஸ் என்ற நொதி. இரைப்பையில் இயல்பாக உள்ள யூரியாவை அந்த நொதி அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது. அம்மோனியா அமிலத்தை முறிப்பதால் கிருமியைச் சுற்றி அமில வேகம் தணிந்த ஒரு சிறு வளையம் உருவாகிறது. அந்தப் பாதுகாப்பில், வால் போன்ற இழைகளைச் சுழற்றிக்கொண்டு சளிப்படலத்துக்குள் நீந்திப் போய், அமிலம் அதிகம் எட்டாத ஆழத்தில் தங்கிவிடுகிறது.

1980கள் வரை மருத்துவ உலகம் இதை நம்பத் தயாராக இல்லை. அமிலத்தில் கிருமி வாழாது என்பதே அன்றைய பாடம். அல்சருக்குக் கவலையும் காரமும் வேளை தவறிய சாப்பாடும் காரணம் என்றார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்கூறியல் மருத்துவரான ராபின் வாரன், 1979இல் இரைப்பைத் திசுக்களில் வளைந்த பாக்டீரியாக்களைக் கண்டார். அவை இருந்த இடத்திலெல்லாம் அழற்சியும் இருந்தது. இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்துகொண்டார். ஆய்வகத்தில் கிருமியை வளர்க்கும் முயற்சி தொடர்ந்து தோற்றது; இரண்டு நாளில் எதுவும் வளராத தட்டுகளை வீசிவிடுவதுதான் வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கூடுதல் நாட்கள் அப்படியே கிடக்க, கிருமி வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் இனம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஐயம் அதற்குப் பிறகும் தீரவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் தொடங்கின. எண்டோஸ்கோப்பியில் எடுத்த திசுவில் கடும் அழற்சியும் கிருமியும் தெரிந்தன. அல்சர் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. ஆனால் நலமான இரைப்பையில் இந்தக் கிருமி நோயை உண்டாக்கும் என்பதற்கு அதுவே போதுமான சான்று. 2005இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

தொற்று உள்ள எல்லோருக்கும் இரைப்பையில் ஓரளவு அழற்சி இருக்கும். பெரும்பாலோருக்கு அது வெளியே தெரிவதில்லை. அழற்சி எந்த இடத்தில் மிகுகிறது என்பதைப் பொறுத்தே பின்விளைவு அமைகிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மிகுந்தால் அமிலச் சுரப்பு கூடி, அந்த அமிலம் முன்சிறுகுடலில் இறங்கிப் புண்ணாக்கும். மேல், நடுப் பகுதிகளில் பரவினால் அமிலம் சுரக்கும் செல்களே பல ஆண்டுகளில் மெல்ல அழிந்துபோகும். அந்த மெலிந்த படலம்தான் சிலரிடம் புற்றுநோய்க்கு இடம் கொடுக்கிறது. தொற்றுள்ளவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு அல்சரும், ஓரிருவருக்குப் புற்றுநோயும் வரக்கூடும். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இதைப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியான காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. இரைப்பையில் தோன்றும் 'மால்ட்' லிம்போமா என்ற அரிய புற்றுநோய், ஆரம்ப நிலையில் இந்தக் கிருமியை அழித்தாலே பலருக்கு மறைந்துவிடுகிறது. ஆன்டிபயாட்டிக்கால் புற்றுநோய் கரைவது மருத்துவத்தில் வியப்பான நிகழ்வு.

அல்சருக்கு இன்னொரு பெரிய காரணமும் உண்டு: மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலிமாத்திரைகள். காரம் இருக்கும் எரிச்சலைத் தூண்டலாம்; புண்ணை உண்டாக்குவதில்லை.

கிருமியைக் கண்டறிய எண்டோஸ்கோப்பி எல்லோருக்கும் தேவையில்லை. யூரியா கலந்த பானத்தைக் குடித்துவிட்டு ஒரு பையில் ஊதினால், வெளிவரும் கரியமில வாயுவை வைத்தே கிருமியைக் கண்டுபிடிக்கலாம். மலப் பரிசோதனையும் நம்பகமானது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனை, தொற்று இப்போது இருக்கிறதா, முன்பு வந்து போனதா என்று பிரித்துச் சொல்லாது. எண்டோஸ்கோப்பி செய்தால், கிள்ளி எடுத்த திசுத் துணுக்கை யூரியா கலந்த மஞ்சள் நிறக் கூழில் வைப்பார்கள். கிருமி இருந்தால் கூழ் இளஞ்சிவப்பாக மாறும். கிருமியைக் காப்பாற்றும் அதே நொதி இங்கே அதைக் காட்டிக்கொடுக்கிறது.

காலையில் வெறும் வயிற்றில் போடும் 'கேஸ் மாத்திரை' எரிச்சலை அடக்கும், கிருமியைக் கொல்லாது. பரிசோதனையில் கிருமி இல்லை என்று தவறாகக் காட்டவும் அது காரணமாகலாம். எனவே சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டு அதை நிறுத்த வேண்டும். சிகிச்சையில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளும், பல சமயம் பிஸ்மத்தும் சேரும். வழக்கமாக 14 நாட்கள். வாயில் கசப்பு, வயிற்றுப்போக்கு என்று நடுவில் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அரைகுறையாக அடிபட்ட கிருமி மருந்துக்குப் பழகிவிடும். கிளாரித்ரோமைசினுக்கும் மெட்ரோனிடசோலுக்கும் கட்டுப்படாத கிருமிகள் பெருகியிருப்பதால் அடுத்த முறை மருந்து கிடைப்பதே கடினமாகிறது.

மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி சோதித்துப் பார்ப்பது அவசியம். மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காரணமின்றி எடை குறைந்தாலும், விழுங்கச் சிரமமாக இருந்தாலும் மாத்திரை வாங்கிப் போட்டு நாள் கடத்தாமல் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள்.