நாற்பது புளியங்கொட்டையும் நான்கு சீட்டும்

திருவொற்றியூரிலோ காசிமேட்டிலோ வேலை முடிந்த மாலையில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ரம்மி ஆடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கைக்குப் பதின்மூன்று சீட்டு. நாம் இங்கே பார்க்கப்போவது நான்கே சீட்டில் ஆடும் ஓர் ஆட்டம். போக்கர் குடும்பத்தைச் சேர்ந்த அதன் பெயர் ஒமாஹா. கைபேசி வழியாக அது நம் ஊருக்கும் வந்தது. குறைந்த காசுடன் அதில் உட்காருபவர், ‘போனால் இவ்வளவுதானே போகும், வந்தால் இரட்டிப்பு’ என்று எண்ணுகிறார். அந்த எண்ணம் சரிதானா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். காசு வேண்டியதில்லை, புளியங்கொட்டை போதும்.

முதலில் விதி. ஒவ்வொருவருக்கும் பிறர் காணாமல் நான்கு சீட்டு. பிறகு மேசை நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும்: முதலில் மூன்று ஒருசேர, அடுத்து ஒன்று, பின்னர் கடைசி ஒன்று. முதல் மூன்றுக்கு ஃபிளாப் என்று பெயர். கையிலிருந்து சரியாக இரண்டு, மேசையிலிருந்து சரியாக மூன்று எடுத்து, உயர்ந்த ஐந்தை அமைப்பவர் வெல்வார். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் ஏற்றலாம். ஆனால் நடுவிலுள்ள குவியலின் அளவுக்கு மேல் ஒரே தடவையில் ஏற்றக் கூடாது. ‘பாட் லிமிட்’ என்பதன் பொருள் இதுவே.

52 சீட்டிலிருந்து நான்கை 2,70,725 வகையாக எடுக்கலாம். இத்தனையையும் எப்படி நினைவில் கொள்வது? கவலை வேண்டாம். இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்ற சாதிகளைக் கொண்டு பார்த்தால் எல்லாக் கைகளும் ஐந்தே அமைப்பில் அடங்கிவிடும். நான்கும் ஒரே சாதி, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கும் வெவ்வேறு. நான்கு என்னும் எண்ணைக் கூறுகளாகப் பிரிக்கும் வழிகளும் இந்த ஐந்துதான். எண்களை இவ்வாறு பிரிக்கும் கணக்கில் உலகப் புகழ் பெற்றவர், ராயபுரத்துக்கு அருகிலேயே உள்ள சென்னைத் துறைமுகத்தில் 1912-இல் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்த இராமானுஜன். நான்கை ஐந்து வழியில் பிரிக்கலாம். 200-ஐயோ ஏறத்தாழ நான்கு லட்சம் கோடி வழிகளில் பிரிக்கலாம்! இத்தகைய எண்ணிக்கைகளை மதிப்பிடும் சூத்திரத்தை அவரும் ஹார்டியும் 1918-இல் வெளியிட்டார்கள். அவர் சீட்டாடியதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கணக்கின் சின்னஞ்சிறு துண்டு ஒன்று நம் கைக்குள் இருக்கிறதே என்பதற்காகச் சொன்னேன்.

ஐந்தில் எது நல்லது? ஒரே சாதியில் நான்கு வந்தால் துள்ளிக் குதிக்கத் தோன்றும். ஆனால் பயன்படப்போவது இரண்டே. மீதி இரண்டும் மேசைக்கு வர வேண்டியவற்றை நாமே அடைத்து வைத்திருப்பதாகும். நான்கு ஏஸும் கையிலிருந்தால் இன்னும் மோசம். ஐந்தாவது ஏஸ் ஏது? இரண்டும் இரண்டுமாக அமைந்து, 9, 8, 7, 6 போல எண்களும் தொடர்ந்து வந்தால் அதுவே மதிப்பு மிக்க கை. இரண்டும் இரண்டும் வரக்கூடிய வாய்ப்பு நூற்றில் 13 அல்லது 14 தடவை.

இனி ராயபுரத்துக்காரர் ஒருவர், எண்ணூர்க்காரர் ஒருவர் என்று கொள்வோம். ராயபுரத்தாரிடம் 40 கொட்டை, எண்ணூராரிடம் ஏராளம். வேறு இருவர் விதிப்படி 1, 2 என்று கட்டாயக் கொட்டை வைத்துவிட்டுப் பின்னர் விலகிவிடுகிறார்கள். ராயபுரத்தார் முதலில் 2-ஐச் சமன் செய்தால் குவியல் 5 ஆகும். எனவே மேலும் 5 ஏற்றலாம், மொத்தம் 7. எண்ணூரார் அந்த 7-ஐச் சமன் செய்தால் குவியல் 17; மேலும் 17 ஏற்றி 24 வைக்கிறார். இப்போது ராயபுரத்தார் 75 வரை வைக்க விதி இடம் தருகிறது. அவரிடம் மிச்சம் இருப்பதோ 33. அத்தனையும் உள்ளே போய்விடும், ஒரு பொதுச் சீட்டும் திறக்கப்படுவதற்கு முன்பே! 200 கொட்டை உடையவராயிருந்தால் 75 வைத்த பிறகும் 125 கையில் இருக்கும். இன்னும் மூன்று கட்டங்களில் யோசித்தாக வேண்டும்.

அந்த 33-ஐ வைப்பது சரியா? எண்ணூரார் இன்னும் 16 வைத்தால் குவியல் 83 ஆகும். அவர் விலகமாட்டார், 83 கிடைக்கக்கூடிய இடத்தில் 16-ஐ யார் பார்ப்பார்கள்? ஆக, 83-க்காக 33. வகுத்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 40. அதாவது பத்தில் நான்கு தடவை வென்றாலே நஷ்டம் இல்லை. எதிராளியிடம் இரண்டு ஏஸ் இருந்தாலும், மேலே சொன்ன 9, 8, 7, 6 கை பெரும்பாலும் 40-ஐத் தாண்டிவிடும். தோற்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தும் வைப்பது சரியாகிறது பாருங்கள்!

ஏஸ் ஜோடி ஏன் இவ்வளவு இளைத்துப்போகிறது? இரண்டே சீட்டு தரும் டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தில், ஏதோ ஒரு கைக்கு எதிராக அது நூற்றில் 85 தடவை வெல்லும். அங்கே ஏழு சீட்டிலிருந்து ஐந்தை 21 வழியில் எடுக்கலாம். ஒமாஹாவில் கையிலிருந்து 6 வழி, மேசையிலிருந்து 10 வழி, பெருக்கினால் 60. எல்லோருக்கும் ஏதோ ஒன்று அமைந்துவிடுகிறது. அதனால் நல்ல கை இரண்டு மோதினால் வித்தியாசம் 60-க்கு 40 என்ற அளவில்தான் நிற்கும்.

‘அப்படியானால் குறைந்த கொட்டை நல்லதுதானே’ என்பீர்கள். இங்கேதான் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். மேசைமேல் குறைவாக வைப்பது வேறு. பையிலேயே குறைவாக இருப்பது வேறு. பையில் பல நாற்பதுகள் உடையவருக்கு இது ஒரு தந்திரம். ஒன்று போனால் இன்னொன்று. அந்த நாற்பதே சம்பளத்தின் மிச்சம் என்றால்? 60-க்கு 40 என்று நமக்கே சாதகமாயிருந்தாலும், அத்தனையையும் வைத்து மூன்று முறை தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு 0.6-இன் மும்மடி, அதாவது நூற்றுக்கு 22-க்கும் குறைவு. மீதி 78 தடவையும் மூன்று ஆட்டத்துக்குள் பை காலி. ஆட்டம் நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் கமிஷனை நாம் கணக்கில் சேர்க்கவே இல்லை.

போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா? ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் கூறி, தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தின் பட்டியலிலிருந்து அவற்றை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்து இணையத்தில் ஆடும் ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நம் ராயபுரத்தாரிடம் திறமை வேலை செய்யும் இடம் ஒன்றே ஒன்று: வைப்பதா, விலகுவதா என்பது. அதன்பின் ஐந்து சீட்டும் தாமே விழும். அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நீங்களே சோதிக்கலாம். ஒருவருக்கு 5 கொட்டை, மற்றவருக்கு 20. நாணயம் சுண்டி, தோற்றவர் ஒரு கொட்டை தர வேண்டும். ஒருவர் கை காலியாகும் வரை ஆடுங்கள். சராசரியாக நூறு சுண்டல் ஆகும். பத்து முறை ஆடி எழுதி வையுங்கள். நாணயம் நடுநிலையானதுதான், ஆயினும் பத்தில் எட்டு முறை காலியாவது 5 கொட்டைக்காரர் கையாக இருக்கும் என்பது பாஸ்கல் காலந்தொட்டுக் கணிதர் அறிந்த விடை. உங்கள் விடை என்ன?