திறந்தவர் மேல் குற்றமில்லை

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வந்த ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பைத் திறந்து பணத்தைப் பறிகொடுத்தவர்களின் செய்தி வரும்போதெல்லாம், ‘பார்த்துத் திறந்திருக்கக் கூடாதா?’ என்கிறோம். ஒரு பத்திரிகையால் ஏன் ஓடிபியைப் படிக்க முடிகிறது என்று கேட்பதுதான் நியாயம். ஒரு செயலிக்கு அதன் வேலைக்குத் தேவையான அதிகாரம் மட்டும் போதும் என்று கணினி ஆய்வாளர்கள் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதிவிட்டார்கள். மேசைக் கணினிகள் வளர்ந்ததோ நேரெதிராக. நாம் தொடக்கூடிய கோப்பையெல்லாம் நாம் ஓட்டும் செயலியும் தொடலாம். சீட்டாட்டச் செயலி நம் வரிக் கணக்கை அழிக்கலாம். குழாய் ரிப்பேருக்கு வந்தவரிடம் பீரோ சாவியையும் கொடுத்தனுப்புவது போன்ற ஏற்பாடு இது. 2000 மே மாதம் பரவிய ‘ஐ லவ் யூ’ தீநிரல் அப்படித்தான் புகுந்தது. மின்னஞ்சலில் வந்த கோப்பின் பெயர் ‘டிஎக்ஸ்டி’ என்று முடிவதாகத் தெரிந்தது. அதன் பின்னாலிருந்த ‘விபிஎஸ்’ஸை விண்டோஸே மறைத்திருந்தது. திறந்ததும் படங்களை நாசமாக்கி, முகவரிப் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் தன்னையே அனுப்பியது. எந்தப் பூட்டையும் அது உடைக்க வேண்டியிருக்கவில்லை.

எதற்கும் பயனரிடம் கேட்டுவிடலாம் என்பது அடுத்த மருந்து. 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டா ஓயாமல் அனுமதி கேட்டது. மக்கள் படிக்காமலே ‘சரி’யை அழுத்தப் பழகினார்கள். 2015-இல் ஆண்ட்ராய்டு 6, செயலி ஓடும்போது ஒவ்வொரு அனுமதியாகக் கேட்க ஆரம்பித்தது. முன்னேற்றம்தான். ஆனாலும் பதில் சொல்லத் தேவையான விவரம் பயனரிடம் இல்லை.

கேள்வியே கேட்காமல் அனுமதி வாங்கும் வழி ஒன்று இருக்கிறது. மேக் கணினியில், பிற கோப்புகளைத் தொட முடியாதபடி கூண்டுக்குள் ஓடும் செயலியில் ‘திற’ என்று அழுத்தினால் வரும் கோப்புப் பட்டியலைக் காட்டுவது அந்தச் செயலி அல்ல, இயங்குதளம். நாம் தொட்டெடுத்த கோப்பு மட்டும் செயலியின் கைக்குப் போகிறது. மற்றவை அதன் கண்ணில் படுவதேயில்லை. தேர்ந்தெடுத்ததே அனுமதி. 2022-இல் ஆண்ட்ராய்டு 13 கொண்டுவந்த படத் தேர்வியும் இதே வழிதான். வைரஸ் தடுப்பான், காப்புப் பிரதி எடுக்கும் செயலி போன்றவற்றுக்கு எல்லாக் கோப்பும் வேண்டுமே என்பார்கள். உண்மை. அந்தச் சிலவற்றைத் தனியாக நிறுத்திப் பரிசோதிக்கலாம். அவற்றுக்காக எல்லாச் செயலிக்கும் வீட்டையே திறந்துவிட வேண்டியதில்லை. தடுப்பான் இருக்கிறதே என்றால், நேற்று எழுதிய தீநிரலை அது அடையாளம் காணாமல் போகலாம்.

எல்லாச் சாதனங்களும் இப்படி மாறும்வரை, தெரியாத செயலி எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டால் மறுத்து, அதை நீக்கிவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.