வெட்டிவேரும் நமது கடமையும்

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி 1954-ம் வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி நீங்கிற்று. அவ்வாட்சி இவ்வூரில் விட்டுச் சென்ற பிரெஞ்சுச் சொற்களை நாம் அறிவோம். நம்மிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டு சென்ற சொல்லொன்று உண்டு. அதை நினைப்பவர் சிலரே. 'வெட்டிவேர்' என்னும் தமிழ்ச் சொல்லே பிரெஞ்சு பாஷையிற் புகுந்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் சென்றது. பாரிஸ் நகரத்து வாசனைக் குப்பிகளின் மேல் இன்றும் அது பொறிக்கப்படுகிறது.

அவர்கள் வாசனையைக் கண்டார்கள். நம் முன்னோர் மருந்தையும் கண்டார்கள். வேனிற்காலத்தில் மண்பானை நீரில் இவ்வேரை முடிந்திடுவது நம் வீட்டு வழக்கம். தாகம், உடற்சூடு, நீர்க்கடுப்பு, பித்த எரிச்சல் ஆகியவற்றுக்குச் சித்த வைத்தியர் இதனை வழங்குவர். சுரத்தில் தாகத்தால் வருந்துவோர்க்குச் சரக சம்ஹிதை விதிக்கும் ஆறு சரக்குக் குடிநீரில் முத்தக்காசு, சந்தனம், சுக்கு முதலியவற்றோடு இதுவும் ஒன்று. அது தாகந் தணிக்கும் துணையேயன்றிச் சுரத்தின் மூலத்தை அறுக்கும் மருந்தன்று. நான்கு நாள் விடாத சுரத்துக்கு வேர்நீரையே நம்பியிருப்பவன் சுதேசியத்தை வளர்ப்பவனல்லன். தன் குடும்பத்துக்குக் கேடு சூழ்பவனாவான்.

இம்மருந்துக்கு இன்று பகை அயலாரன்று, நமது அசட்டையே. விலாமிச்சை என்பது துளசிக் குலத்துச் செடி. வெட்டிவேரோ நெல்லும் கரும்பும் சேர்ந்த புற்குலத்தது. பெயர் மயக்கத்தால் ஒன்று மற்றொன்றாக விலைபோவதுண்டு. எண்ணெய் வடித்த சக்கையும் கண்ணுக்கு வேராகவே தோன்றும். வாங்குவோன் முகர்ந்து பார்ப்பதன்றி வேறு சோதனை நம் கடைவீதியில் இல்லையெனின், வைத்தியன் எழுதிய மருந்துச் சீட்டால் யாது பயன்?

புதுச்சேரிக்குத் தெற்கே கடலூர்க் கரையோர மணலில் உழவர் இதனைப் பயிர் செய்கின்றனர். ஏறக்குறைய ஓராண்டு காத்து, ஆளுயரத்துக்கு மேலும் இறங்கவல்ல வேரைப் பழுதின்றி அகழ்ந்தெடுக்க வேண்டும். நூறு ராத்தல் வேரில் இரண்டு ராத்தல் எண்ணெய் இறங்கினால் அது நல்ல மாசூல். இத்துணை உழைப்பிருந்தும், எண்ணெய் வியாபாரத்தில் முன்னிற்பது மேற்கிந்தியத் தீவுகளைச் சார்ந்த ஹைத்தி. ஒரு காலத்தில் அப்புகழ் பிரெஞ்சு ரெயூனியன் தீவினதாயிருந்தது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாய் நம்மவர் சென்றதும் அத்தீவுக்கே. சொல் நம்முடையது, உழைப்பும் நம்முடையது. ஆதாயம் மட்டும் பிறருடையதா?

பழம்பெருமை பேசி இதனை மீட்க இயலாது. மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995-ல் ஒரு காப்புரிமை வழங்கினர். நமது விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் பழைய ஏடுகளையும் அச்சேறிய சான்றுகளையும் முன்வைத்து வழக்காடவே, 1997-ல் அது ரத்தாயிற்று. அங்கே வென்றது ஆவேசமன்று; எழுத்திலிருந்த அத்தாட்சி.

வெட்டிவேருக்கும் வழி அதுவே. விற்போர் சரக்கின் மெய்ப்பெயரையும் விளைந்த ஊரையும் சிப்பத்தின்மேல் எழுதுக. வைத்தியரும் ரசாயன சாஸ்திரிகளும் ஒருங்கிருந்து, எந்நோய்க்கு எவ்வளவில் இது பயன்படும், எதற்குப் பயன்படாது என்று ஆய்ந்து வெளியிடுக. ஊர்த் தொண்டர்கள் உழவரைச் சங்கமாகக் கூட்டி, எண்ணெய் இறக்கும் வாலையை அவர்களுக்கே உரிமையாக்குக. வேர் மண்ணுக்குள் மறைந்திருப்பது இயல்பு. அதன் பயனும் மறைந்தே கிடப்பது நமது குற்றம்.