பந்தயக் குதிரையின் ஒரு வாரம்: 107 விநாடியும் மீதிக் கணக்கும்

ஒரு வாரத்தில் 6,04,800 விநாடிகள் உள்ளன. பந்தயத்துக்குத் தயாராகும் குதிரை அவற்றில் பாய்ந்து ஓடுவது ஏறத்தாழ 107 விநாடிகள் மட்டுமே. வாரத்தில் 2 நாள் வேகப் பயிற்சி, ஒவ்வொரு முறையும் 800 மீட்டர், அதாவது ஏறக்குறைய 4 ஃபர்லாங், வேகம் விநாடிக்கு 15 மீட்டர் என்று வைத்தால் இந்த எண் கிடைக்கும். 10,000 விநாடிக்கு 1.8 விநாடி. கூடுதலாக ஓடவிட முடியாததற்கு எலும்பு முக்கியக் காரணம். முழுப் பாய்ச்சலில் ஒரு முன்னங்காலில் உடல் எடையைப் போல் சுமார் 2.5 மடங்கு விசை இறங்குகிறது. 500 கிலோ குதிரைக்கு அது 1,250 கிலோ எடைக்குச் சமம். தாங்குவது ஒற்றைக் குளம்பு.

மற்ற 4 நாள் மெதுவான ஓட்டம், 1 நாள் கையில் பிடித்து நடத்துவது. நாளொன்றுக்கு 1 மணி 15 நிமிடம் வீதம் 6 நாளும், நடை நாளில் அரை மணியும் சேர்த்தால் வாரத்துக்கு 8 மணி நேரம் குதிரை வெளியே இருக்கிறது. மீதி 160 மணி, அதாவது 95.2 விழுக்காடு, லாயத்தில். அறையின் அளவு பொதுவாக 12 அடிக்கு 12 அடி: 144 சதுர அடி.

புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்துக்கு மிக அருகிலுள்ள பந்தயத் திடல், வடக்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் சென்னையில் உள்ள கிண்டி. எனினும் லாயத்தின் அடிப்படைக் கணக்கு இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். விலை மாதத்துக்கு மாதம் மாறும். தேவைப்படும் எடை அப்படி மாறாது. ஆகவே இங்கே கணக்கு ரூபாயில் அல்லாமல் கிலோவிலும் லிட்டரிலும் செல்கிறது.

முதலில் தீவனம். கடும் பயிற்சியில் உள்ள குதிரை உடல் எடையில் 2.5 விழுக்காடு வரை உலர்தீவனம் தின்னும். 500 கிலோவுக்கு நாளொன்றுக்கு 12.5 கிலோ, வாரத்துக்கு 87.5 கிலோ. காய்ந்த புல், குதிரைமசால், ஓட்ஸ், பார்லி, தவிடு எல்லாம் இதில் அடக்கம். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் 2007ஆம் ஆண்டு அட்டவணைப்படி, இந்த எடையுள்ள குதிரை ஓய்வில் இருந்தால் நாளொன்றுக்கு 16,700 கிலோ கலோரி போதும். மிகக் கடும் உழைப்புக்கு 34,500 வேண்டும். இந்தியத் திட்டக் குழு கிராமவாசிக்கு வைத்த பழைய அளவுகோல் 2,400 கிலோ கலோரி. ஓடும் குதிரை ஒன்று 14 பேருக்கான ஆற்றலை உண்கிறது. ஓய்வில் இருக்கும் குதிரையும் 7 பேருக்கானதை உண்கிறது. இரண்டாவது எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர்க் கணக்கை வெயில் தீர்மானிக்கிறது. குளிர்ந்த பருவத்தில், ஓய்வில், நாளொன்றுக்கு 25 முதல் 30 லிட்டர். வெயிலும் உழைப்பும் சேர்ந்தால் அது இரு மடங்காகும். 60 லிட்டர் என்று கொண்டால் 30 குதிரை உள்ள லாயத்துக்கு வாரம் 12,600 லிட்டர்: ஏறக்குறைய ஒரு பெரிய தண்ணீர் லாரி. குளிப்பாட்டும் நீர் இதில் சேரவில்லை. குதிரையின் 1 லிட்டர் வியர்வையில் சுமார் 2.8 கிராம் சோடியம், 5.3 கிராம் குளோரைடு, 1.4 கிராம் பொட்டாசியம். வெப்பத்தில் 1 மணி நேரம் உழைத்து 10 லிட்டர் வியர்த்தால் 95 கிராம் உப்புச் சத்து போய்விடும். சென்னை, புதுச்சேரி போன்ற ஈரவெப்பக் கடற்கரையில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். அந்நிலையில் உடல் சூடு தணிவது கடினம். கோடையில் பந்தயங்கள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகைக்கு மாறிவந்தது குதிரைகளுக்கும் நல்லதாக இருந்தது.

அடுத்தது கைகளின் கணக்கு. ஒரு சைஸ், அதாவது குதிரைப் பராமரிப்பாளர், 2 அல்லது 3 குதிரைகளைப் பார்த்துக்கொள்வார். 30 குதிரைக்கு 10 முதல் 15 பேர். லாடம் 5 வாரத்துக்கு ஒருமுறை மாற்றப்பட்டால் வாரம் 6 குதிரை, 24 லாடம், ஒன்றுக்கு 6 ஆணி வீதம் 144 ஆணி. ஆணி ஒவ்வொன்றும் உயிர்ப்பகுதியைத் தொடாமல் இறங்க வேண்டும். ஒரு குதிரை வாரத்துக்குத் தரும் சாணமும் சிறுநீரும் சுமார் 180 கிலோ, அதில் தழைச்சத்து சுமார் 1.05 கிலோ. 20 குதிரை என்றால் 21 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் உள்ளது 20.7 கிலோ. காற்றில் ஆவியாகும் இழப்பைக் கழிக்க வேண்டும். கழித்தாலும் கோட்டக்குப்பத்தைச் சுற்றியுள்ள வானூர் வட்டாரச் செம்மண் நிலங்களுக்கு இது சிறிய எண் அல்ல.

நிலத்தின் கணக்கு வேறு வகை. கிண்டியில் 160.86 ஏக்கர், 1945இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு, ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணாவுக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்குத் தரப்பட்டது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 3 ரூபாய் 82 காசு. வாரத்துக்கு 7 காசு. வாடகை பாக்கி 730.86 கோடி ரூபாயைக் கட்டுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் உத்தரவிட்டது. இது ஏக்கருக்கு 4.54 கோடி ரூபாய். 2024 ஜூனில் உதகையின் 52.34 ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் குத்தகை ரத்தாகி, 9ஆம் தேதி கிண்டித் திடலுக்குச் சீல் வைக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து 213.2 ஏக்கர். பொது நிலத்தை ஏக்கருக்கு வாரம் 7 காசுக்கு வைத்திருப்பதை நியாயப்படுத்த முடியாது என்றே இந்த எண்களிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நிலம் கைமாறினாலும் குதிரையின் 16,700 கிலோ கலோரி குறைவதில்லை.

இந்த இடத்தில்தான் பெரிய எண் வருகிறது. 2 வயதில் பயிற்சி தொடங்கி 7 வயதில் ஓய்வு பெறும் குதிரையின் பந்தயக் காலம் 5 ஆண்டு, 260 வாரம். அது 25 வயது வரை வாழக்கூடும்: மேலும் 18 ஆண்டு, 936 வாரம். பந்தய வாரத்துக்கு 2,41,500 கிலோ கலோரி வீதம் முதல் பகுதிக்கு 6.28 கோடி. ஓய்வு வாரத்துக்கு 1,16,900 வீதம் இரண்டாம் பகுதிக்கு 10.94 கோடி. ஓடி முடித்த பின்னர் உண்பது, ஓடும்போது உண்டதைப் போல் 1.74 மடங்கு. கோட்டக்குப்பத்தை ஒட்டிய ஆரோவில்லில் உள்ளது போன்ற குதிரையேற்றப் பள்ளியில் மிதமான வேலை கிடைத்தால் நாளொன்றுக்கு 23,300 கிலோ கலோரி வேண்டும்; பந்தயத் தேவையைவிட 32 விழுக்காடு மட்டுமே குறைவு. அத்தகைய இடம் எல்லாக் குதிரைக்கும் கிடைப்பதில்லை.

ஆகவே உரிமையாளரும் கிளப்பும் அரசும் செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. குதிரை பதிவாகும் நாளிலேயே, பந்தய வாரம் ஒவ்வொன்றுக்கும் 4,20,800 கிலோ கலோரிக்கான (10.94 கோடியை 260 வாரத்தால் வகுத்தது) தீவன விலையை ஓய்வுக் கால வைப்பாக ஒதுக்க வேண்டும். திடலை மூடும் ஆணையில் ஏக்கருக்கும் ரூபாய்க்கும் பக்கத்தில் குதிரைகளின் எண்ணிக்கை, சைஸ்களின் எண்ணிக்கை என இரண்டு பத்தியைச் சேர்க்க வேண்டும்.