அம்மம்மாவின் சக்கரமும் மன்னார் மணலும்

அம்மம்மாவைச் சக்கர நாற்காலியில் இருத்திக்கொண்டு மன்னாருக்குப் போவோம், வாருங்கள். பெருநிலத்திலிருந்து தீவுக்குப் போகும் வழி தாம்போதி. ஆழமில்லாத கடலுக்குக் குறுக்கே கல்லும் மண்ணும் கொட்டி உயர்த்திய சுமார் 3 கிலோமீட்டர் வீதி அது. அந்த வழியில் யுத்தத்தில் உடைந்த பாலத்துக்குப் பதிலாக, ஜப்பானிய உதவியோடு கட்டிய புதிய பாலம் 2010இல் திறக்கப்பட்டது. அதைக் கடந்தால் எங்கே பார்த்தாலும் தட்டை நிலம். மலையில்லை, மேடில்லை, நெடுகப் பனங்கூடலும் உடைமுள்ளும்தான். சக்கரத்துக்கு இதைவிட நல்ல ஊர் வேறு ஏது என்று தோன்றும். ஏதாவது ஓர் ஒழுங்கையில் தார் முடிந்து மணல் தொடங்கும் இடம்வரை மட்டுமே அப்படித் தோன்றும்.

அந்த இடத்தில் நடப்பதைக் கிலோக் கணக்கில் பார்ப்போம். அம்மம்மாவும் நாற்காலியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வழவழப்பான சீமெந்துத் தரையில் அவரைத் தள்ள, ஒரு கிலோ சீனிப் பொதியைத் தூக்கும் பலம் போதும். உருளும் சக்கரத்தைத் தரை பிடித்து இழுக்கும் இந்த விசைக்கு உருளல் தடை என்று பெயர். 12 அடி போனால் 1 அடி உயரும் சாய்தளத்தில் ஏற்றினால், ஏறத்தாழ 7 கிலோ கூடுதலாகத் தேவை. காய்ந்த பொலபொல மணலிலோ தட்டைத் தரையிலேயே 15, 20 கிலோவைத் தொட்டுவிடும். 5 அடிக்கு 1 அடி உயரும் செங்குத்தான ஏற்றத்துக்குச் சமம் அது. கண்ணுக்குத் தட்டையாகக் கிடக்கும் மன்னார், சக்கரத்தின் கணக்கில் ஒரு மலைநாடு!

குற்றம் முன்சக்கரங்களுடையது. பின்சக்கரம் இரண்டும் சைக்கிள் சக்கரம்போலப் பெரியவை, விட்டம் 60 சென்டிமீட்டர். முன்னால் இருப்பவை உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியவை. சிறிய சக்கரம் மணலில் புதைந்ததும் அதற்கு முன்னால் ஒரு குட்டி மணல்மேடு எழும்புகிறது. அதில் ஏற முயலும்போது இன்னும் புதைகிறது. அங்கேயே இன்னொரு மேடு. வாழ்நாள் முழுவதும் தான் தோண்டிய குழியிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கும் சக்கரம் அது.

இதற்கு அனுபவசாலிகள் கைக்கொள்ளும் தந்திரம் எளிமையானது. நாற்காலியைத் திருப்புங்கள். முன்சக்கரங்கள் மேலே தூக்கியிருக்கும்படி பின்பக்கமாகச் சாய்த்து, பெரிய சக்கரங்களில் மட்டும் பாரத்தை இறக்கி, பின்னோக்கி இழுங்கள். ஏறமுடியாத இரண்டு சென்டிமீட்டர் படியைக்கூட இப்படிக் கடந்துவிடலாம். பெரிய சக்கரத்துக்கு அந்தப் படி சாய்வான மேடு, சிறிய சக்கரத்துக்கு அது மதில். அம்மம்மாவுக்குப் போகும் திசை தெரியாது என்பதுதான் குறை. ஆகவே ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் அவரிடம் சொல்லிவிட்டு இழுங்கள்.

பள்ளிமுனைப் பெருக்கமரத்தடிக்கு எப்படியும் அவரைக் கொண்டுபோய்விட வேண்டும். ஆபிரிக்காவின் பயோபாப் மரம் இது. அராபிய வணிகர்கள் கொண்டுவந்தது என்று ஊரில் சொல்வார்கள். அடிமரத்தின் சுற்றளவு 19 மீட்டருக்கு மேல். ஒரு டசின் பேர் கைகோத்து நின்றால்தான் கட்டிப்பிடிக்கலாம். அந்தப் பருமன் கெட்டி மரமல்ல. பஞ்சுபோன்ற நார், அதன் எடையில் பெரும்பங்கு தண்ணீர். மாதக்கணக்கில் இலையில்லாமல் நிற்கும்போது, மேல்பட்டைக்குச் சற்றுக் கீழே ஒளிந்திருக்கும் பச்சைப் படலத்தால் வெயிலைப் பிடித்துக் கொஞ்சம் உணவு சமைத்துக்கொள்கிறது. யானைத்தோல் போன்ற பட்டையை உட்கார்ந்தபடியே தொடலாம். இந்த மரத்தின் அழகெல்லாம் அம்மம்மாவின் கண் மட்டத்தில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட இடங்களுக்கு ஒரு காட்டுப்பாதை போடுவதென்றால் எதைக் கொட்டுவது? கடற்கரைக் கூழாங்கல் அழகாகத்தான் இருக்கும், ஆனால் உதவாது. அலை உருட்டி உருட்டி உருண்டையாக்கிய கல், சக்கரம் ஏறினால் உருண்டு விலகும். உடைத்த சல்லிக்கு மூலைகள் உண்டு. ஒன்றின் மூலை இன்னொன்றின் இடுக்கில் சிக்கிக்கொள்ளும். நடுவிலுள்ள துளைகளைக் கல்தூள் நிரப்ப, நீர் தெளித்து உருளை ஓட்டினால் தார் இல்லாமலே தரை இறுகிவிடும். பார்ப்பவருக்கு அது வெறும் மண்பாதை. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைக் கையைப் பிடித்து நிறுத்திவைத்திருப்பது சக்கரத்துக்கு மட்டும் தெரியும்.

அடுத்த சங்கடம் மாரிமழை. தண்ணீர் வடியப் பாதை ஒரு பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இதுவே குறுக்குச் சரிவு. சாய்வு கூடினால், தானே திரும்பும் முன்சக்கரங்கள் பள்ளத்துப் பக்கமே ஓடும், அம்மம்மா ஒரு கையாலேயே பிடித்துத் தள்ள வேண்டிவரும். குறைந்தால் குட்டை தேங்கிச் சேறாகும். பாதை போடுபவர்கள் கண்டடைந்த சமரசம் ஒரு மீட்டர் அகலத்துக்கு 2 சென்டிமீட்டர் சாய்வு. மழைத்துளி அதை உணர்ந்து ஓடும், தோள்பட்டை உணராது. இந்த இரண்டு சென்டிமீட்டருக்காகவே பாதை போடுபவரை நான் கொண்டாடுவேன்.

கண்டல் காட்டுக்குள் சல்லி கொட்ட முடியாது. சேற்றில் காற்றில்லை என்பதால் வெண்கண்டல் தன் வேர்களைப் பென்சில்களைப்போல் மேல்நோக்கி நீட்டி மூச்சுவாங்குகிறது. அந்த மூச்சுவேர்களை மூடினால் மரம் மூச்சுத் திணறிச் சாகும். ஆகவே தூண் நாட்டிப் பலகைப்பாதைதான் போட வேண்டும். அங்கே பலகைகள் போகும் திசைக்குக் குறுக்காகக் கிடக்க வேண்டும். நெடுக்காகக் கிடந்தால் இடுக்கில் முன்சக்கரம் விழுந்து சிக்கிக்கொள்ளும். இடுக்கு 13 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. மரம் மாரியில் உப்பும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் அவ்வளவாக இல்லை, அகலவாக்கில்தான். தச்சர் எந்தப் பருவத்தில் ஆணி அடிக்கிறார் என்பதையும் கணக்கில் சேர்த்தே இடுக்கு விட வேண்டும். அதன் வழியே வெளிச்சமும் மழையும் கீழே இறங்கும், நண்டுகள் தம் பாட்டில் நடமாடும். கைக்கெட்டும் வெண்கண்டல் இலையின் அடியைத் தடவி விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். குடித்த கடல்நீரின் உப்பை இலை வழியே வியர்த்துத் தள்ளுகிற மரம் அது.

கைப்பிடிக் கம்பியிலும் நுணுக்கம் இருக்கிறது. நிற்பவரின் நெஞ்சுயரக் கம்பி, உட்கார்ந்தவரின் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். வங்காலைப் பறவைகள் சரணாலயத்தில் இதற்கு முக்கியத்துவம் அதிகம். 2010இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட 4,800 ஹெக்டேருக்கு மேற்பட்ட தட்டை நிலம் அது. வடக்கேயிருந்து ஊசிவால் வாத்துகளும் கரைப்பறவைகளும் வந்திறங்கும் காலத்தில், பூநாரைகள் தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்று நீரை வடிகட்டிக் கொண்டிருக்கும். அந்த ஒரு கோடு ரோசாநிறத்தைக் கம்பி மறைத்துவிட்டால் அம்மம்மா இவ்வளவு தூரம் வந்ததற்கு என்ன பயன்? கட்டடங்களுக்கும் பொது இடங்களுக்கும் இலங்கையில் 2006இலேயே அணுகல் விதிகள் வந்துவிட்டன. தாம்போதி ஓரத்துக்கும் காட்டுக்கும் இதே அக்கறை வேண்டும். யுத்தத்தில் காலிழந்த எத்தனையோ பேர் வாழும் வடக்கில் இதை உரக்கக் கேட்கலாம்.

செய்ய முடியும் என்பதற்குச் சென்னை மெரினா சாட்சி. 2022 நவம்பர் 27 அன்று அங்கே 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் ஒரு மரப்பாதை மணல்மேல் திறக்கப்பட்டது. முதன்முறையாகத் தம் சக்கரத்திலேயே கடலருகே வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். இரண்டு வாரம் ஆகுமுன்னே மாண்டூஸ் புயலின் அலை பாதையின் கடல்முனையை உடைத்தது. சரிசெய்து மறுபடி திறந்தார்கள்.

கடைசியாகத் தலைமன்னார். கடலை ஒட்டிய ஈரமணலுக்கு அம்மம்மாவைப் பின்னோக்கி இழுத்துப் போங்கள். அங்கே சட்டென்று பாரம் விட்டுப்போகும். மணிகளுக்கிடையே மெல்லிய நீர்ப்பாலங்கள் நின்று ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் மணல் தரையாகிவிடுகிறது. சிறுவர் மணல்வீடு இடியாமல் நிற்பதும் அதே பாலங்களால்தான். நாற்காலியைத் திருப்பி முன்சக்கரங்களை இறக்குங்கள், இனி அம்மம்மாவே தள்ளிக்கொண்டு போகட்டும். அந்த ஈரமணல் பட்டை குறுகியது. வெயில் ஏறி ஈரம் காய்வதற்குள் ஒரு சுற்றுப் போய் வந்துவிட வேண்டும்.